இன்ட்ராடே நஷ்டத்தை டெலிவரி லாபத்தில் கழிக்க முடியுமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடந்த நிதியாண்டில் இன்ட்ராடேயில், அதாவது வாங்கிய அன்றே விற்கும் வர்த்தகத்தில், 62,000 ரூபாய் நஷ்டம். டெலிவரி எடுத்து, சில மாதங்கள் வைத்திருந்து விற்ற பங்குகளில் 80,000 ரூபாய் லாபம். மீதி 18,000 ரூபாய்க்கு மட்டும் வரி கட்டினால் போதுமா? கையில் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதைப்போல் ஐந்து மடங்கு மதிப்புக்கு இன்ட்ராடேயில் பங்கு வாங்கலாம் என்கிறது புரோக்கர் ஆப். இன்ட்ராடேயைத் தொடரலாமா?

பதில்: போதாது. 80,000 ரூபாய் முழுவதுக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டும். வாங்கிய அன்றே விற்றுவிடும் பங்கு உங்கள் டீமேட் கணக்குக்கு வருவதே இல்லை. அதனால் வருமான வரிச் சட்டம் அதை ஊக வணிகம் என்று தனியாக வைக்கிறது. அதில் வரும் நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்திலோ, டெலிவரி லாபத்திலோ, எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) லாபத்திலோகூட கழிக்க முடியாது. சில மாதங்களிலேயே விற்றதால் உங்கள் 80,000 ரூபாய் குறுகிய கால லாபம். அதற்கு 20% வரி 16,000 ரூபாய், அந்த வரியின் மேல் செஸ் 640 ரூபாய். ஆக 16,640 ரூபாய்.

அந்த 62,000 ரூபாயை அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்த உரிமை. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்குச் செல்லாது, ஐ.டி.ஆர்-3 போட வேண்டும். 'நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும்' என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, வியாபார வருமானம் என்று வந்துவிட்டால் பழைய வரி முறைக்கும் புதியதற்கும் வருடாவருடம் மாறிக்கொள்ளும் வசதியும் போய்விடும்.

அந்த ஐந்து மடங்கு விஷயத்துக்கு வருவோம். ஒருகாலத்தில் புரோக்கர்கள் பத்து, இருபது மடங்குகூடக் கொடுத்தார்கள். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி அதைப் படிப்படியாக இறுக்கி, 2021 செப்டம்பர் முதல் வாங்கும் மதிப்பில் குறைந்தது 20% மார்ஜின் (முன்பணம்) முழுதாக இருக்க வேண்டும் என்றாக்கியது. ஐந்து மடங்கு என்பது செபி விட்டுவைத்த உச்சவரம்பு, அவ்வளவுதான். 1 லட்சத்தை வைத்து 5 லட்சத்துக்கு வாங்கி, பங்கு 2% இறங்கினால் 10,000 ரூபாய் காலி. உங்கள் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. மாலை 3.20 மணிவாக்கில், விலை எப்படி இருந்தாலும் புரோக்கரே ஸ்கொயர் ஆஃப் செய்துவிடுவார், அதாவது விற்று முடித்துவிடுவார்.

கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்று மதியம் வாங்கும் ஷார்ட் இதைவிட ஆபத்து. சிறிய பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச விலையில்) போய் நின்றால் விற்பவர் யாருமே இருக்க மாட்டார். திரும்ப வாங்க முடியாது. பங்கைக் கொடுக்க முடியாததால் விஷயம் எக்ஸ்சேஞ்ச் ஏலத்துக்குப் போகும். அங்கேயும் கிடைக்காவிட்டால், ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20%கூட உங்கள் தலையில் விழலாம்.

2022-23-ல் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டம் என்கிறது செபியின் ஆய்வு. ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80%. வேலை நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டே வர்த்தகம் செய்யும் நீங்கள் இன்ட்ராடேயை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். டெலிவரி உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அந்த 1 லட்சத்தில் வரிக்கு 16,640 ரூபாயை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மீதியை அங்கே போடுங்கள்.