ஆன்டி டிபிஓ (தைராய்டின் டிபிஓ என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடி) 600-இலிருந்து 1300 ஆகிவிட்டது, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 3.1. தைராய்டு நோய் முற்றிவிட்டதா? மாதாமாதம் பார்க்க வேண்டுமா?

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில்: இல்லை, வேண்டாம். போன வருடம் ஒரு லேபில் ">600", இந்த மாதம் வேறொரு லேபில் ">1300" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்த 'இதற்கு மேல்' குறிதான் முக்கியம். ரோஷ் எலெக்சிஸ் கருவி ஆன்டி டிபிஓவை 600 வரைதான் அளக்கும், சீமென்ஸ் சென்டார் 1300 வரை. அதற்கு மேல் போனால் இரண்டும் தத்தம் எல்லையைத்தான் அச்சடிக்கும். உங்கள் அளவு இரண்டு முறையும் 2000 ஆகவே இருந்திருக்கலாம். சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் சுமாரான எண் தெரியலாம். ஆனால் அதைத் தெரிந்து சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

எல்லைக்குள் இருந்தாலும் இரண்டு லேப் எண்களை ஒப்பிடக் கூடாது. எலெக்சிஸில் 34-க்குக் கீழே இயல்பு, அபாட் ஆர்க்கிடெக்டில் 5.61, சென்டாரில் 60. 66/387 என்ற ஒரே சர்வதேசத் தரத்தை வைத்து அளவீடு செய்தும் இந்த வித்தியாசம் வருகிறது. காரணம், ஒவ்வொரு கம்பெனியும் வைக்கும் டிபிஓ ஆன்டிஜன் வேறு, முறை வேறு. ஒவ்வொருவர் ஆன்டிபாடியும் அந்த என்சைமில் பிடிக்கும் இடமும் வேறு. ரிப்போர்ட்டில் முறையின் பெயரையும் கருவியின் பெயரையும் அச்சிடாத லேபில், எண் மட்டும் வாங்கி வந்து பயனில்லை.

இனி பார்க்க வேண்டியது டிஎஸ்எச். இங்கிலாந்தின் விக்கம் ஆய்வில் 20 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 2.1 சதவீதம் பேருக்கும், டிஎஸ்எச்சும் சேர்ந்து கூடியிருந்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்கும் தைராய்டு சுரப்பு குறைந்தது. உங்கள் டிஎஸ்எச் 3.1 இயல்புக்குள் இருப்பதால் நீங்கள் முதல் வகை. வருடம் ஒருமுறை, அதே லேபில், காலையில் ஏறக்குறைய அதே நேரத்தில் டிஎஸ்எச் பார்த்தால் போதும். இரவில் அது கூடும் என்பதால்தான் நேரத்தைச் சொல்கிறேன். கர்ப்பம் என்றால் கணக்கு வேறு: உறுதியானதும் ஒரு முறை, பிறகு பாதிக் கர்ப்பகாலம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை.

முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவற்றில் பல 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்). உடம்புக்கு ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பிடிப்பதை நம்பி ஓடும் கருவிகளில் இந்த உபரி போய் ஒட்டிக்கொள்ளும். இரு பக்கம் பிடித்து அளக்கும் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும். போட்டி முறையில் அளக்கும் எஃப்டி4 (ரத்தத்தில் கட்டற்று இருக்கும் தைராய்டு ஹார்மோன்), டிஎஸ்எச் ரிசெப்டர் ஆன்டிபாடி போன்றவை பொய்யாகக் கூடும். காகிதத்தில் அப்படியே கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரிலேயே எச்சரித்தது. புதிய ரீஏஜென்ட்கள் (பரிசோதனை ரசாயனங்கள்) இதைப் பெருமளவு தாங்கும். உங்கள் லேபில் ஓடுவது பழையதா புதியதா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது. ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டினைக் குறைந்தது 2 நாள் நிறுத்துங்கள். தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) சாப்பிடுபவர் என்றால் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் எஃப்டி4 கூடுதலாகக் காட்டும். ஆன்டி டிபிஓவுக்கு வெறும் வயிறு தேவையில்லை.

"செலினியம் சாப்பிட்டேன், எனக்கு எண் பாதியானது" என்று எழுத வருவீர்கள். ஆகலாம். எண் குறைந்ததால் சுரப்பி காப்பாற்றப்பட்டது என்று ஆய்வுகள் காட்டவில்லை. டாக்டர் பேச்சை மீறச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் கேட்காத பேக்கேஜை லேப்கள் விற்பதைத்தான் சொல்கிறேன்.

இதைவிட வயிற்றெரிச்சல் சர்க்கரை நோயில். ஒல்லியான 30 வயதுக்காரருக்கு டைப் 1 (உடம்பே தன் இன்சுலின் செல்களை அழிக்கும் வகை) சந்தேகம் வருவதற்குள் மாதக்கணக்கில் இன்சுலின் போட்டிருப்பார்கள். அப்புறம் இன்சுலின் ஆன்டிபாடி டெஸ்ட் எழுதுவார்கள். ஊசி தொடங்கி 2 வாரம் போனாலே, போட்ட இன்சுலினுக்கு எதிராகவே ஆன்டிபாடி வரலாம். அந்த பாசிட்டிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கே கேட்க வேண்டியது ஜிஏடி65 (கணையத்தைச் சார்ந்த வேறொரு ஆன்டிபாடி). அது நெகட்டிவ் என்றால் அதே வகையைச் சேர்ந்த ஐஏ-2, பிறகு ஜிங்க் டி8. சி-பெப்டைடு (உடம்பே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் டெஸ்ட்) எடுத்தால் அதே நேரத்தில் குளுக்கோஸும் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது சி-பெப்டைடும் தாழ்ந்துதான் இருக்கும்.