பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள்: பிரேக் தேய்மானம் – கேள்வி பதில்

கேள்வி: முன்சக்கர பிரேக் பேட் மாற்றி 14,000 கி.மீ. கூட ஆகவில்லை. இடது சக்கரத்தின் உள்பக்கப் பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பேட் மட்டமான சரக்கா?

பதில்: பழைய பேட் தேய்ந்த விதமே கோளாறு எங்கே என்று காட்டும். மட்டமான பேட் என்றால் முன்பக்கத்து நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும். ஒன்று மட்டும் தேய்ந்திருப்பதால் சந்தேகப்பட வேண்டியது காலிபரை, அதாவது இரண்டு பேட்களையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை.

பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மிதித்ததும் அது உள்பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிபர் இரண்டு கைடு பின்கள் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பேடை இழுத்துவந்து மறுபக்கம் அழுத்தும். பின்கள் துருவேறியோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால் காலிபர் நகராது. பாரம் முழுக்க உள்பேடுக்கு. பிஸ்டன் பின்வாங்காமல் மாட்டிக்கொண்டாலும் முதலில் தேய்வது உள்பேட்தான்.

இரண்டில் எது என்று பார்ப்பது எளிது. காலிபரைக் கழற்றிவிட்டு இரண்டு பின்களையும் விரலால் தள்ளி இழுங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். முறுக்கினால்தான் அசைகிறது என்றால் கோளாறு அங்கேதான். பின்கள் சரியென்றால், பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து ஜி-கிளாம்பால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். சீரான அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். பாதியில் நின்று திடீரென்று வழுக்கினாலோ, ரப்பர் உறை கிழிந்து பிஸ்டனின் பக்கவாட்டில் துருப்புள்ளிகள் தெரிந்தாலோ காலிபரைப் பிரித்து சீல், பிஸ்டன் மாற்ற வேண்டும். அல்லது காலிபரையே மாற்ற வேண்டும். தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழிகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும்.

பின்னுக்கு சிலிகான் வகை பிரேக் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். கையில் கிடைத்த பேரிங் கிரீஸைப் பூசினால் ரப்பர் உப்பி, சில மாதங்களில் பின் முன்னைவிட மோசமாக இறுகும். மெல்லிய பூச்சு போதும். துளையை நிரப்பினால் அடியில் காற்று அடைபட்டு பின்னையே வெளியே தள்ளும். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். அது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று பார்த்து வையுங்கள். குழி விழுந்த பின்னைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். புதுப் பேட் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

கேள்வி: ஒரே பேடின் ஒரு முனை 7 மி.மீ., மறுமுனை 3 மி.மீ. இது எப்படி?

பதில்: சாய்வுத் தேய்மானம். சிறு வித்தியாசம் எந்தக் காரிலும் இருக்கும், 4 மி.மீ. அதிகம். இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகி, காலிபர் கோணலாக வருவது ஒரு காரணம். இன்னொன்றை மெக்கானிக்குகளே பல நேரம் தவறவிடுகிறார்கள்: பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் உட்காரும் பிராக்கெட்டில், ஸ்டெயின்லெஸ் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கிவிடும். காது நெருக்கப்பட்டு அந்த முனை நகராது. கிளிப்பைக் கழற்றிவிட்டு அடியில் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதுக் கிளிப் போடுங்கள். புதுப் பேடை வைத்தால் கையால் தள்ளியே நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் துரு போகவில்லை என்று அர்த்தம். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: வலது முன்சக்கரம் மட்டும் ஓடி நின்றதும் கொதிக்கிறது, தீய்ந்த வாடையும் வருகிறது. கைடு பின், பிஸ்டன், சீல் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பேட் இப்போதும் வேகமாகத் தேய்கிறது.

பதில்: இந்த நிலையில் மறுபடி காலிபரைப் பிரிப்பது வீண். அழுத்தம் எங்கே அடைபட்டு நிற்கிறது என்று தேட வேண்டும்.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அருகில் உட்கார வேண்டாம். பிரேக்கை நான்கைந்து முறை அழுத்தி விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இயல்புதான். சுற்றவே கஷ்டமாக இருந்தால் காலிபரின் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) அரைச் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது உறுதி. திறந்தும் விடுபடவில்லையென்றால் பின், பிஸ்டன், பிராக்கெட் இவற்றில் ஏதோ ஒன்று இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அழுத்தம் சிக்கியிருந்தால் அடுத்த கட்டம். பிளீடரை மூடி, மறுபடி மிதித்துப் பூட்ட வைத்து, இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே, உலோகக் குழாய் இணையும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் பூட்டியே இருந்து, பிளீடரைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான். வெளியே புதுசுபோல இருக்கும். உள் அடுக்கு உப்பியோ பிய்ந்தோ ஒருவழி வால்வு மாதிரி ஆகியிருக்கும். காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத் தெம்பு இருக்காது. மேலே தளர்த்தியதும் விடுபட்டால் பழுது ஹோஸுக்கு முன்னால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பகுதி) பக்கம். இந்தச் சோதனைக்குப் பிறகு காற்று ஏறியிருக்கும், பிளீட் செய்து அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

உங்கள் வழக்கில் ஹோஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதானே.

கேள்வி: முன் பேடைவிட பின் பேட் சீக்கிரம் தீர்கிறது. முன்பக்கம்தானே அதிகம் தேய வேண்டும்?

பதில்: பழைய கார்களுக்கு அந்தக் கணக்கு சரி. இன்றைய கார்களில் பிரேக் விசையைப் பங்கிடும் மின்னணு அமைப்பு, மெதுவான பிரேக்கிங்கில் பின்சக்கரத்துக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறது. வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.சி.யும் தன் பங்குக்குப் பின் பிரேக்கைப் பயன்படுத்தும். பின் பேட் முதலிலேயே சின்னது. இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள்: விடுவித்ததும் காலிபரில் இருக்கும் நெம்புகோல் தன் நிறுத்தத்தைத் தொட்டு நிற்க வேண்டும். அப்படித் திரும்பாவிட்டால் கேபிள் உறைக்குள் துரு. பல கார்களில் பின் பிஸ்டனை நேராக அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, கடைசல் போட்டு மேல்பரப்பைச் செதுக்கலாம் என்கிறார்கள். போன தடவை போட்டு 6,000 கி.மீ.யில் நடுக்கம் திரும்பிவிட்டது.

பதில்: ‘வளைந்துவிட்டது’ என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு: டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லை. இந்த வித்தியாசம் 0.02 மி.மீ. அளவு இருந்தாலே பல கார்களில் காலுக்குத் தெரியும்.

அது எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். டிஸ்க் மாட்டும் ஹப்பின் முகத்தில் ஒரு துளி துரு இருந்தாலும் டிஸ்க் மிக லேசாகக் கோணலாக உட்காரும். பேட் தொடாமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதே மேட்டை உரசி உரசி அங்கே மட்டும் மெலிய வைக்கும். மாட்டிய அன்று நடுக்கம் இருக்காது, சில ஆயிரம் கி.மீ. கழித்து ஆரம்பிக்கும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் கடைசல் மட்டும் போட்டால் கதை திரும்ப முதலிலிருந்து நடக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தை உலோகம் தெரியத் தேயுங்கள். திரும்ப மாட்டி, எல்லா நட்டையும் வாஷர் வைத்து இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவே இறுதி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம், பல தடவை அதிலேயே சரியாகிவிடும். அப்போதும் போகாவிட்டால் வீல் பேரிங்கையும் ஹப்பையும் பாருங்கள். அதே வட்டத்தில் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் கனத்தையும் அளந்து எழுதுங்கள். வெர்னியர் போதாது: அதன் தாடை விளிம்பின் உதட்டில் உட்கார்ந்து, இருப்பதைவிட அதிகக் கனம் காட்டும்.

டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். 22 மி.மீ. புது டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் 20 மி.மீ. சுற்றுவட்டாரம். கடைசலுக்குப் பிறகும் அந்த அளவுக்கு மேலே இல்லையென்றால் புதுசுதான் வழி. நீலப் புள்ளிகள் தெரிந்தாலும் கடைசல் வேண்டாம். சூட்டில் வார்ப்பிரும்பு அந்த இடத்தில் ஆழம்வரை கெட்டியாகிவிட்டது, மேலே செதுக்கினாலும் மேடு திரும்ப வரும். கடைசியாக, வீல் நட்டை நியூமேட்டிக் கன்னால் அடித்து முடிக்க விடாதீர்கள்; நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சில், கையேடு சொல்லும் அளவுக்கு.

கேள்வி: நான்கு சக்கரத்திலும் பேட் சமமாக, ஆனால் சீக்கிரம் தேய்கிறது.

பதில்: சமமாகத் தேய்வதால் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம். முதலில் பெடல். விரலால் தொட்டால் சில மி.மீ. வெற்று அசைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் லைட் சுவிட்ச் பெடலை அமுக்கியபடி மாட்டியிருக்கலாம், அல்லது பெடல் விசையை மாஸ்டர் சிலிண்டருக்குக் கடத்தும் பூஸ்டர் ராட் நீளமாக வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டிலும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டு, சூடு ஏற ஏற எல்லா பிரேக்கும் பிடித்துக்கொள்ளும். பெடல் சரியென்றால் ஓட்டும் காலைப் பார்க்க வேண்டியதுதான்: ஆட்டோமேட்டிக்கில் இடது கால் பிரேக் மேல் ஓய்வெடுப்பது, நீண்ட இறக்கத்தில் கியர் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்குவது.

கேள்வி: பிரேக் விளக்கு எரிந்தது. டப்பாவில் ஆயில் குறைவு. ஊற்றிவிடலாமா?

பதில்: ஊற்றுவதற்கு முன் கசிவு இருக்கிறதா, பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் குறையும். பேட் 3 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றுங்கள், பிஸ்டன் உள்ளே போனதும் மட்டம் தானே ஏறும். கசிவு என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.