கட்டுரையின் மேலே 'வாசிக்க 3 நிமிடம்' என்று போடுவதால் உண்மையில் பயன் உண்டா?

எனக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால் தமிழ்க் கட்டுரைகளுக்கு அந்த நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் அதே நாட்களில்தான் கண்டுகொண்டேன்.

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த வாரங்கள் அவை. இரண்டு சொட்டு மருந்துகள். ஒன்றை விட்டு ஐந்து நிமிடமாவது கழிந்த பிறகுதான் மற்றதை விட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். நாளிதழை ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவருக்கு அப்படிச் சும்மா கிடப்பது பெரிய வேதனை. "ஏதாவது படித்துக் காட்டம்மா" என்பார். கைபேசியில் மூன்று, நான்கு நிமிடம் என்று போட்டிருப்பதாகப் பார்த்துப் படிப்பேன். அந்தச் சின்ன வரி மட்டும் இல்லையென்றால், தேடுவதிலேயே ஐந்து நிமிடமும் போயிருக்கும்.

ஒருநாள் ஏரி தூர்வாருவதைப் பற்றிய கட்டுரை கிடைத்தது. 'வாசிக்க 3 நிமிடம்'. அலாரம் அடித்தபோது இன்னும் மூன்று பத்திகள் மிச்சம். "முடித்துவிட்டே மருந்தை விடு" என்று அப்பா கண்ணைத் திறக்காமலே கையமர்த்தினார். வாய்விட்டுப் படித்ததால்தான் தாமதம் என்று நினைத்து, இரவில் அதையே மனத்துக்குள் படித்துப் பார்த்தேன். அப்போதும் நான்கு நிமிடத்தைத் தாண்டியது. நான் மெதுவாகப் படிப்பவள் அல்ல.

கோளாறு எண்ணும் முறையில் இருக்கிறது. கட்டுரைகள் வெளியிடும் மீடியம் (Medium) தளம் நிமிடத்துக்கு 265 சொற்கள் என்று வைத்து, முதல் படத்துக்கு 12 நொடி, அடுத்ததற்கு 11 நொடி என்று கூட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தலாம். நாமோ 'வரமுடியவில்லையென்றாலும்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். இடைவெளியை வைத்து எண்ணும் நிரலுக்கு அது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 17 மொழிக்காரர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அளந்தார்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சராசரி 228 சொற்கள், ஃபின்னிய மொழியில் 161. ஃபின்லாந்துக்காரர்கள் படிப்பதில் மந்தம் என்று இதற்குப் பொருளல்ல. அவர்கள் மொழியும் நம்முடையதைப் போலவே விகுதிமேல் விகுதி ஒட்டிச் சொல்லை நீட்டுகிற மொழி.

எழுத்தை எண்ணினாலும் தொல்லைதான். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறிகள். இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. இணையதளங்களுக்கு நிரல் எழுதப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சொல்லுக்குரிய எழுத்துகளைக் குறிக்கும் வழக்கமான குறியீட்டுக்கு ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும்தான் தெரியும். அதை நம்பி எண்ணினால், எவ்வளவு நீண்ட தமிழ்க் கட்டுரையானாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. அப்படிப்பட்ட ஒரு தளத்தில், உழைத்து எழுதிய பெரிய கட்டுரை ஒன்றின் தலையில் 'வாசிக்க 1 நிமிடம்' என்று இருந்ததைப் பார்த்து மனம் கசந்துவிட்டது.

நேரத்தைப் போட்டால் நீளமான கட்டுரைகளை யாரும் தொடமாட்டார்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பன்னிரண்டு நிமிடக் கட்டுரையைத் திறக்கமாட்டேன், உண்மைதான். ஆனால் அதைச் சேமித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் நிதானமாக உட்கார்ந்து படிக்கிறேன். கவிதைக்கும் சமையல் குறிப்புக்கும் மட்டும் நிமிடக் கணக்கு தேவையே இல்லை.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலத்துக்கான எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் கட்டுரைகளில் நாலைந்தை வீட்டில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, கடிகாரத்தை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 சொற்கள் வந்தன. அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது நூறுதான்.