மக்கள்தொகைக் கணக்கை எண்ணாக மட்டும் வெளியிட்டால் போதாதா, விளக்கவுரை எதற்கு?

போதாது. 2011 பிப்ரவரியில் சென்சஸ் டூட்டி பார்த்த பள்ளி ஆசிரியன் நான். அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

படிவத்தில் மொத்தம் 29 கேள்விகள். பெயர், வயது எல்லாம் மளமளவென்று ஓடிவிடும். மாட்டிக்கொள்கிற இடம் ‘கடந்த ஓராண்டில் வேலை பார்த்தாரா?’ என்பது. ஒரு வீட்டில் அந்த அம்மா சாணிக் கையோடு கொட்டகையிலிருந்து வந்து, “நான் சும்மாதான் சார் இருக்கேன்” என்றார். இரண்டு மாடு வைத்திருக்கிறார், பால் வீட்டுக்குத்தான். வீட்டுத் தேவைக்காக மட்டும் பால் மாடு பராமரித்தாலும் சென்சஸ் விதிப்படி அது வேலை. நான் கிளறிக் கேட்டு எழுதினேன். பத்தாவது வீட்டில் களைத்துப்போன இன்னொருவர், ‘சும்மா’ என்பதை அப்படியே ‘வேலை இல்லை’ என்று எழுதியிருக்கலாம். நானும் சில வீடுகளில் அப்படி எழுதியிருப்பேன், யார் கண்டது. கடைசியில் அட்டவணையில் ‘வேலை பார்க்கும் பெண்கள் இத்தனை சதவீதம்’ என்று ஓர் எண் வந்து உட்காரும். அதற்குப் பின்னால் இவ்வளவு நடந்ததற்கு அந்த எண்ணில் ஒரு சுவடும் இருக்காது.

விளக்கம் முன்னால் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2004 செப்டம்பர் நல்ல உதாரணம். 2001 கணக்கெடுப்பின் மதவாரி விவரம் வெளியானது. பத்தாண்டில் முஸ்லிம் மக்கள்தொகை 36 சதவீதம் கூடியது என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. ஆனால் 1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. பழைய கணக்கில் இல்லாத மாநிலம் புதிய கணக்கில் இருந்தால் எண் வீங்கத்தானே செய்யும்? ஒப்பிடத்தக்க பகுதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் 29 சதவீதம் சொச்சம்தான், அதாவது முந்தைய பத்தாண்டைவிட வேகம் குறைந்திருந்தது. திருத்திய கணக்கு வந்தது, ஆனால் அதற்குள் 36 ஊர் சுற்றிவிட்டது. எண்ணை மட்டும் கொடுத்தால் அது நடுநிலை என்று நினைக்கிறோம். விளக்கவுரையை வேறு யாரோ எழுதிக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் அது.

நம் ஊர்க் கணக்கிலேயே ஒரு புதிர் உண்டு. தமிழ்நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி 2001இல் 11.7 சதவீதம், 2011இல் 15.6. குழந்தைப்பேறு குறைந்துகொண்டே வந்து ஒரு பெண்ணுக்கு 1.7 அளவில் நின்ற காலம் அது. பிறகு எப்படி வளர்ச்சி கூடும்? வெளிமாநிலத்தவர் வந்தார்களா, 2001இல் நாம் ஆட்களை விட்டுவிட்டோமா? எண்ணியவர்கள்தான் முதலில் பேச வேண்டிய இடம் இது. அவர்களுக்கு அதற்கான வழியும் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்ததும் மாதிரி மறு ஆய்வு செய்து, நாடு முழுவதற்கும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டார்கள் என்று அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். நான் கேட்கும் விளக்கவுரை அந்த ரகம்.

இன்னொரு ரகமும் உண்டு, அதற்கு நான் பயப்படுகிறேன். 1901இல் சென்சஸ் கமிஷனராக இருந்த ஆங்கிலேயர் ரிஸ்லி ‘சமூக மதிப்பு’ என்று சொல்லிச் சாதிகளை வரிசைப்படுத்தினார். எங்களை மேலே ஏற்று என்று மனுக்கள் குவிந்தன. எண்ணுகிறவர் தராசைப் பிடித்தால் அப்படித்தான். அதே சென்சஸ் துறை 1961இல் நம் கிராமங்களையும் கோயில்களையும் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதியது. சென்னை மாநில சென்சஸ் அதிகாரி பி. கே. நம்பியார் பொறுப்பில் வந்த அந்தக் கோயில் தொகுதிகளில் தரவரிசை எதுவும் கிடையாது, இருப்பதைச் சொன்னதோடு சரி. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப் போகிறார்கள். 1931இல் 4,147 சாதிகள் என்று இருந்தது. சென்சஸுக்கு வெளியே தனியாக நடந்த 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதை அப்படியே எழுதியதில் 46 லட்சம் பெயர்கள் வந்து நின்றன. பயன்படுத்த முடியாத தரவு என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இந்த முறை எந்தப் பெயரை எதோடு சேர்த்தார்கள், எதை ஏன் தனியாக விட்டார்கள் என்ற குறிப்பு அட்டவணை வெளியாகும் அதே நாளில், அதே பக்கத்தில் வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.