வயிற்றுப் புண்ணும் ஆய்வுக் கட்டுரைகளும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் தக்கலைக்காரன். எம்.ஃபார்ம் முடித்திருக்கிறேன். ஒரு பெரிய பன்னாட்டு மருந்து நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்தில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அவர்களுடைய மருந்துச் சோதனைகளை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதித் தரும் வேலை. எங்கள் துறை பத்து வருடத்தில் வெளியிட்டதைவிட அதிகமான கட்டுரைகளை அந்த நிறுவனம் ஒரே வருடத்தில் வெளியிடுகிறது. நண்பர்களோ, 'கம்பெனி சயின்ஸ் எல்லாம் விளம்பரம்' என்கிறார்கள். போகலாமா? நம் மாவட்டத்தில் இருந்தால் ரப்பர் பால் வெட்டலாம், மெடிக்கல் ஷாப் வைக்கலாம். ஆராய்ச்சி என்று இங்கே என்ன நடந்திருக்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பத்திரங்களுக்கு அடியில் ஒரு கட்டு மருந்துச் சீட்டுகள். 1986 முதல் 1997 வரை. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ஒரே மாத்திரை: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் 150, காலையும் இரவும். அதனால்தான் இந்தப் பதில்.

கம்பெனி சயின்ஸ் விளம்பரம்தான் என்று சொல்லும் நண்பர்களை விடுங்கள். மருந்தியல் அறிஞர் ஜேம்ஸ் பிளாக், 'ஸ்மித் க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச்' என்ற மருந்து நிறுவனத்தில் இருந்தபோதுதான் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுக்கு வழி கண்டார். 1972-ல் அதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1976-ல் அந்த வகை மருந்தான சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. கெர்ட்ரூட் எலியனும் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான். ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் அவர் உழைப்பில் வந்தது. இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு. இதைப் படிக்காமல் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடைசி வரி இருக்கிறதே, அதை அப்படி விட முடியாது. தக்கலையில் பிறந்து, மருந்தியல் படித்துவிட்டு, இங்கே என்ன நடந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள். நெய்யூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒருநாளாவது அங்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய கதையைக் கேட்டிருக்கிறீர்களா? தெரியாதது குற்றம் இல்லை. தெரியாமலே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதுவது குற்றம்.

அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். தென் திருவிதாங்கூரில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வரும் புண் அப்போது அவ்வளவு அதிகம். பாதை மாற்றி, இரைப்பையை நேராகச் சிறுகுடலில் புண்ணுக்குக் கீழே உள்ள பகுதியோடு இணைத்துத் தைப்பதுதான் அன்றைய வைத்தியம். என் பாட்டாவின் வயிற்றிலும் மேலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு நெய்யூர்த் தையல் என்று பெயர்.

சாமர்வெல் தைத்ததோடு நிற்கவில்லை. உடன் வேலை செய்த இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து, இந்தப் புண் ஏன் வருகிறது, எப்படி மாற்றலாம் என்று 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். இந்த ஊரில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு? அரிசியா, மரச்சீனிக் கிழங்கா? அவர்களின் சந்தேகம் சாப்பாட்டின் மேல் இருந்தது. முழு விடை அது இல்லைதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. மரச்சீனி தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனை முன்னால் வைத்துக் கேட்ட கேள்வி.

அப்பாவுக்குத் திங்கள்சந்தையில் பலசரக்குக் கடை. பதினோரு மணிக்குமேல் வலி தொடங்கும். ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, எடை போட்டுக்கொண்டே நிற்பார். அப்புறம் மாத்திரை வந்தது. வலி நின்றது. நான்கூட அந்த மாத்திரையைக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் நிறுத்தினால் சில மாதங்களில் புண் திரும்பும். மறுபடி சீட்டு, மறுபடி மாத்திரை. பதினொரு வருடம்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-லேயே இந்தப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி. அவர்கள் வேலை பார்த்தது ஒரு பொது ஆஸ்பத்திரியில். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். கிருமி இருக்கும் புண்ணுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு சொன்னது 1994-ல். பன்னிரண்டு வருடம், தம்பி! டாக்டர்களும்தான் நம்ப மறுத்தார்கள், பழியை நிறுவனங்களின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். ஆனால் அந்த வருடங்களில், இந்த அமில மாத்திரையா அந்த அமில மாத்திரையா என்று ஒப்பிடும் கட்டுரைகள் குவிந்தன. எல்லாம் ஒழுங்கான கட்டுரைகள். காலமெல்லாம் தின்ன வேண்டிய மாத்திரையை விற்கிறவர், இரண்டு வாரத்தில் நோயை முடித்துவிடலாமா என்று முதலில் கேட்க மாட்டார். கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு நிறுவனத்தை மெச்சாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்பாவுக்கு 1997 கடைசியில் ஒரு இளம் டாக்டர் அந்தக் கிருமிக்கான பதினான்கு நாள் மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் அப்பா மரச்சீனியும் எரிவான சாளைக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். 2008-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வைத் தேடிப் படியுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான மனச்சோர்வு மருந்துச் சோதனைகள் 74-ஐ எடுத்து, அவற்றில் எவை அச்சில் வந்தன என்று பார்த்தார்கள். வெற்றி பெற்றவை 38. அதில் 37 அச்சாகிவிட்டன. மீதி 36-ல் மருந்து பலித்தது என்று சொல்ல முடியாது. அதில் 22 வெளிவரவே இல்லை. 11 வெற்றி பெற்றதுபோல எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளபடி வந்தவை மூன்றே மூன்று.

அந்த 11-ஐயும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நல்ல சம்பளம், நல்ல படிப்பு, உங்களைப் போலவே ஏதோ ஒரு தக்கலையிலிருந்து போனவராக இருக்கலாம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கும், தங்கை இருப்பாள், எனக்குத் தெரியும். நேர்முகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: பலிக்காத சோதனைகளையும் எழுத எனக்குக் கொடுப்பீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.