தீர்ப்புக்குப் பிறகு வரும் வீடியோ

கேள்வி: வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரரின் கையை உடைத்ததாக என் தம்பிக்கு இ.பி.கோ. 325-ல் (கொடுங்காயம் ஏற்படுத்துதல்) இரண்டு வருடம் தண்டனை. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் இருக்கிறது. அவர் தானாகவே வாய்க்காலில் விழுந்ததை என் மைத்துனர் செல்போனில் எடுத்திருக்கிறார். வழக்கு நடந்தபோதே சொன்னார், எங்கள் வக்கீல்தான் வேண்டாம் என்றார். அரசுத் தரப்பு சாட்சி ஒருவரும் ‘பொய் சொன்னேன்’ என்று அபிடவிட் தரத் தயார். மறுவிசாரணை கேட்கலாமா?

பதில்: போலீஸ் ஒருதலைப்பட்சம், மாஜிஸ்திரேட் காது கொடுக்கவில்லை என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே வரி: ‘வழக்கு நடந்தபோதே சொன்னார்.’ உங்களைக் கவிழ்ப்பதும் அதே வரிதான்.

அப்பீலில் கூடுதல் சாட்சியம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 432. முயன்றும் விசாரணையில் தாக்கல் செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது விஷயமே பிறகுதான் தெரிய வந்திருக்க வேண்டும் என்று 2024-ல் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் வேண்டாம் என்றது இரண்டிலும் சேராது. ‘இப்போதுதான் தெரிந்தது’ என்று மனுவில் எழுதிவிடலாம் என யாராவது யோசனை சொல்வார்கள். எழுதாதீர்கள். மைத்துனரைக் கூண்டில் ஏற்றி, எப்போது எடுத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். போடுவதானால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய நகலுக்கு மின்னணுச் சாட்சியச் சான்றிதழ் வாங்கப் போய்த் திணறுவீர்கள். மறுவிசாரணை கேட்கவே வேண்டாம். அரசுத் தரப்பு விட்ட ஓட்டைகளை அடைக்க நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகும்.

அந்த அபிடவிட் விஷயம்தான் எனக்குப் பயம். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு சாட்சியிடம் எழுதி வாங்கினார். ஸ்டாம்பு பேப்பர் யார் வாங்கியது என்று பி.பி. (அரசு வக்கீல்) கேட்டார். சாட்சி என் கட்சிக்காரரின் அண்ணனைக் கை காட்டினார். அப்பீல் ஒரு பக்கம் கிடக்க, சாட்சியைக் கலைத்ததாக, அப்பீல் முடியும்வரை கிடைத்திருந்த தண்டனை நிறுத்தத்தை ரத்து செய்ய மனு வந்தது. அந்தச் சாட்சிக்கும் பொய்ச் சாட்சிய வழக்கு; அதில் ஏழு வருடம் வரை உண்டு. உங்கள் சாட்சியிடம் இனிப் பேசாதீர்கள்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். 325-ஐ அடிபட்டவர் சம்மதித்தால் அப்பீல் கோர்ட்டின் அனுமதியோடு முடிக்கலாம். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். பேச உட்காரும்போது வீடியோ கையில் இருக்கட்டும், அங்கேதான் அதற்கு மதிப்பு. ஆனால் முதலில் தீர்ப்பைப் புரட்டி 294(பி)-யிலும் (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது) தண்டனை இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் எப்.ஐ.ஆரில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். சமரசமாக முடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் குற்றங்களின் பட்டியலில் அது கிடையாது. இருந்தால் அதற்காக உயர் நீதிமன்றம் போக வேண்டிவரும்.