வாசகர் கேள்வி-பதில்: வேப்பிலை கட்டும் முன்பே பரவும் ரூபெல்லா

கேள்வி: என் மருமகளுக்கு இது மூன்றாம் மாதம். கோயில் திருவிழாவுக்கு வந்து ஒரு வாரம் எங்களோடு தங்கியிருந்த மகள் வயிற்றுப் பேரனுக்கு, ஊர் திரும்பிய மறுநாளே உடம்பெங்கும் செம்புள்ளிகள் கிளம்பின. ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மையாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். மூன்றே நாளில் புள்ளிகள் மறைந்து அவன் விளையாடப் போய்விட்டான். மருமகளுக்கு இப்போதே தடுப்பூசி போட்டுவிடலாமா? தை மாதம் திருமணமாகவிருக்கும் என் இளைய மகளுக்கு 27 வயது. அவளுக்கும் போட வேண்டுமா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: மருமகளுக்கு இப்போது போடக் கூடாது. இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. நாளைக் கடத்தாமல் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பேரன் வந்த தேதி, தங்கிய நாட்கள், புள்ளி தோன்றிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள்களைப் பார்ப்பார்கள். மருமகளுக்கு முன்பே எதிர்ப்பாற்றல் இருப்பது தெரிந்தால் பெரும்பாலும் கவலை நீங்கிவிடும். இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் பக்கமே விடாத வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ரூபெல்லா, புள்ளி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்தே இருமல், தும்மல் வழியாகப் பரவத் தொடங்கிவிடுகிறது. சிலருக்குப் புள்ளியே தோன்றாமலும் வந்து போகும். வேப்பிலை ஏறும் நேரத்தில் கிருமி வீட்டுக்குள் வந்து பல நாள் ஆகியிருக்கும்.

பேரனை மூன்று நாளில் விட்டுவிட்ட அதே நோய், கருவை அவ்வளவு எளிதாக விடுவதில்லை. கருவுற்ற தொடக்க வாரங்களில் தாய்க்குத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும் வாய்ப்பு 90 விழுக்காடு வரை உண்டு. மாதங்கள் ஏற ஏற இது குறைந்து, 20 வாரங்களுக்குப் பின் அரிதாகிவிடும். கருச்சிதைவு நேரலாம், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, இதயக் கோளாறு, செவிட்டுத்தன்மை, மூளை வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை வரலாம். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்மணி வெளுத்த கைக்குழந்தைகள் அடுத்தடுத்துத் தம்மிடம் வருவதைக் கண்டு விசாரித்தபோதுதான், அவர்களில் பெரும்பாலோரின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது தெரியவந்தது. கண்ணின் வெண்மையையாவது பார்த்ததும் கண்டுகொள்ளலாம். காது கேளாமையோ, பக்கத்தில் தாம்பாளம் விழுந்தும் குழந்தை திரும்பாதபோதுதான் பல வீடுகளில் உறைக்கிறது.

இளைய மகளுக்கு அவசியம் போடுங்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள். உங்கள் மகள் அந்த வயதைக் கடந்திருப்பார். (அப்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் இருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளைகளும் இப்போது மணவயதை எட்டுகிறார்கள்.) கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு போட வேண்டும், அதன்பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆகவே, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். கருவைக் கலைத்துவிடச் சொல்கிறார் என் நாத்தனார்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம். தவறுதலாகப் போட்டுக்கொண்டது கருவைக் கலைப்பதற்குக் காரணமாகாது. அப்படிப் போட்டுக்கொண்ட தாய்மாரைத் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் குழந்தைக்கு ரூபெல்லாக் குறைபாடுகள் வந்ததாகத் தெரியவில்லை. ஊசி போட்ட தேதியை உங்கள் மருத்துவரிடம் சொல்லி, வழக்கமான பரிசோதனைகளைத் தொடருங்கள்.